வேட்டைக்கறிக்குக் கத்தி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரிமத்தோடு வேட்டையாட அனுமதி உள்ள இடங்களில், மானோ காட்டுப்பன்றியோ முயலோ விழுந்தபின் தொடங்கும் வேலைக்கான கத்திகளைப் பற்றிய கேள்விகள் இவை. வயிற்றைத் திறந்து குடல் எடுப்பது ஒரு வேலை. தோல் உரித்து, எலும்பு நீக்கி, கறியைத் துண்டு போடுவது இன்னொரு வேலை. கத்தி வாங்கும்போது வரும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவதுதான்.

வேட்டைக் கத்தி என்றால் நீளமாக, கனமாக இருக்க வேண்டாமா?

வேண்டாம். குடல் எடுக்க 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள அலகு, அதாவது வெட்டும் தகடு, போதும். பெரிய விலங்குக்கும் இதே அளவுதான்.

காரணம் எளிது. களத்தில் நடக்கும் வெட்டுகளில் முக்கியமானவை மூன்று: வயிற்றுத் தோலை நீளவாக்கில் திறப்பது, ஆசனவாயைச் சுற்றி வளைத்து அறுத்துக் குடலை விடுவிப்பது, மார்புக்குள் கையை விட்டு உதரவிதானத்தையும் மூச்சுக்குழாயையும் அறுப்பது. முதல் வெட்டில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் இரைப்பையோ குடலோ கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் கறியில் கொட்டும். மூன்றாவது வெட்டில் கத்தியே கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு கையும் பக்கத்தில் இருக்கும். ஆட்காட்டி விரலை அலகின் முதுகில் நீட்டி வைத்தால் விரல் நுனி கத்தியின் முனைக்கு அருகே வரை போக வேண்டும். அப்போதுதான் முனை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். 15 செ.மீ. அலகில் இது நடக்காது.

அலகின் முதுகுப் பக்கத் தடிமன் 2.5 முதல் 4 மி.மீ. வரை இருக்கலாம். அதைவிட முக்கியம், கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது. 5 மி.மீ. தடிமனில் கோடரி மாதிரி செய்த ‘உயிர்காக்கும்’ கத்திகள் விறகு பிளக்க நன்றாக இருக்கும். தோலையும் கறியையும் அவை அறுப்பதில்லை, நெம்பித் தள்ளுகின்றன.

எந்த வடிவ அலகு நல்லது?

சரி, இதில்தான் பேச நிறைய இருக்கிறது. முனை தாழ்ந்த அலகு, முனை செதுக்கிய அலகு, தோல் உரிக்கும் அலகு என்று மூன்று வடிவங்களைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள்.

முனை தாழ்ந்த அலகில் முதுகு மெல்லச் சரிந்து, முனை கத்தியின் நடுக்கோட்டுக்கு அருகே வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ‘டிராப் பாயிண்ட்’ என்று கேட்டால் கிடைக்கும். வேட்டைக் கத்திகளில் இதைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் பாப் லவ்லெஸ். முனை தாழ்ந்திருப்பதால் வயிற்றைத் திறக்கும்போது உள்ளுறுப்பில் குத்துவது குறையும். முனைக்குப் பின்னால் எஃகு நிறைய இருப்பதால் எளிதில் உடையாது. கூர்ப்பக்கத்தின் வளைவு தோல் உரிக்கவும் உதவும். ஒரே ஒரு கத்திதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இந்த வடிவத்தை எடுங்கள்.

முனை செதுக்கிய அலகு, அதாவது ‘கிளிப் பாயிண்ட்’, ஊசி போன்ற முனை கொண்டது. 1964 முதல் விற்பனையில் இருக்கும் பக் 110 மடக்குக் கத்தி இந்த வகையில் பெயர்பெற்றது. ஆசனவாயைச் சுற்றி அறுக்கும்போது இந்தக் குறுகிய முனை நன்றாகத் திரும்பும். வயிற்றைத் திறக்கும்போது அதே முனை தொல்லை. பழகிய கைக்கு இரண்டும் ஒன்றுதான். புதியவர் கையில் இது அவசரத்தில் குடலைத் தேடிப்போய்க் குத்தும்.

தோல் உரிக்கும் அலகு அகலமானது, கூர்ப்பக்கம் நன்றாக வளைந்து முனை மேல்நோக்கிப் போகும். தோலுக்கும் சதைக்கும் நடுவே உள்ள சவ்வை நீண்ட வீச்சில் அறுக்க இதை மிஞ்சியது இல்லை. ஆனால் உரிப்பதைத் தவிர வேறெதற்கும் தோதுப்படாது. வருடத்துக்குப் பல விலங்குகளை உரிப்பவர் வாங்கலாம்.

தலையைப் பாடம் செய்து வைக்க நினைப்பவர்களுக்கு மட்டும் நான்காவதாக ஒன்று: 6 முதல் 7 செ.மீ. நீளத்தில், மிகக் குறுகிய அலகு. கண், உதடு, காது ஆகியவற்றைச் சுற்றித் தோலைக் கிழிக்காமல் எடுக்க உதவும்.

குடல் கொக்கி உள்ள கத்தி வாங்கலாமா?

அலகின் முதுகில் உள்ள அந்தக் கொக்கி தோலுக்கு அடியில் மாட்டி இழுக்கத்தான். கூராக இருக்கும் வரை அழகாகத் திறக்கும். மொன்னையானபின் மயிரைப் பிடித்து இழுத்துச் சிக்கிக்கொள்ளும். அதன் உள்வளைவைத் தீட்ட உருளை வடிவ வைரக்கோலோ பீங்கான் கோலோ வேண்டும். அதைவிடப் பெரிய குறை, கத்தியின் முதுகிலேயே கொக்கி இருப்பதால் விரலை அங்கே வைத்து அழுத்த முடியாது.

கொக்கி இல்லாமலும் அதே வேலையைச் செய்யலாம். தோலில் சின்னதாக ஒரு துளை போட்டு, இரண்டு விரல்களை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கி, விரல்களுக்கு நடுவே கூர் மேலே பார்க்கக் கத்தியை வைத்துத் தள்ளுங்கள். விரல்கள் குடலை அமுக்கிப் பிடித்திருக்கும். உள்ளிருந்து வெளிநோக்கி வெட்டுவதால் மயிர் கறியில் விழுவதும் குறையும், கத்தியின் கூரும் நிலைக்கும். மயிரில் ஒட்டியிருக்கும் மண்ணைப் போலக் கூரைத் தின்பது வேறெதுவும் இல்லை. இந்தப் பழக்கம் ஒன்றே ஒரு நல்ல எஃகுக்குச் சமம்.

மடக்குக் கத்தியா, மடங்காத கத்தியா?

மடங்காத கத்தி. மடக்குக் கத்தியின் ஆணி இருக்கும் இடத்திலும் அலகு உட்காரும் பள்ளத்திலும் இரத்தமும் கொழுப்பும் புகுந்து உறைந்துவிடும். பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தாலும் முழுதாக வராது; இரண்டு நாளில் நாற்றம் சொல்லிக்கொடுக்கும். பூட்டு சறுக்கினால் அலகு விரல் மேல் மடங்கும் ஆபத்தும் உண்டு.

மடங்காத கத்தியில் எஃகு பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். ஆனால் அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவீடனின் மோரா கத்திகளில் பலவற்றுக்கு எஃகு பிடிக்குள் பாதியில் நின்றுவிடும். அவற்றால் குடல் எடுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. முழு நீள எஃகு தேவைப்படுவது கத்தியைத் தட்டி எலும்பு பிளப்பவர்களுக்கு. அதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி.

அலகை மாற்றிக்கொள்ளும் கத்திகள் எப்படி?

ஹவலான் போன்ற நிறுவனங்கள் அறுவைச் சிகிச்சைக் கத்தி மாதிரி மெல்லிய அலகுகளை விற்கின்றன. மழுங்கியதும் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். எடை குறைவு, கூர்மை பயங்கரம், சாணை பிடிக்கத் தெரியவேண்டியதில்லை. மலையேறிப் போய்க் கறியைச் சுமந்து இறங்குபவர்கள் இதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

குறை இரண்டு. அலகு பக்கவாட்டில் திருகினால் ஒடியும். ஒடிந்த துண்டைக் கண்டுபிடிக்கும் வரை அந்தப் பகுதிக் கறியைத் தொடக்கூடாது. மூட்டுகளில் நெம்ப இது ஆகவே ஆகாது. இன்னொன்று, வழுக்கும் கையோடு அலகை மாற்றும் அந்த நேரத்தில்தான் விரல் போகிறது. மாற்றும்போது விரலால் பிடிக்காமல் சின்னக் குறடு ஒன்றால் பிடித்து இழுங்கள். பழைய அலகுகளைப் போட மூடியுள்ள டப்பா ஒன்றும் பையில் இருக்கட்டும்.

எந்த எஃகு? பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறதே!

சுற்றத்தான் செய்யும். மூன்று குணங்கள் ஒன்றோடொன்று இழுபறியில் இருப்பவை: கூர் எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு எளிதில் தீட்டலாம், துருவை எவ்வளவு தாங்கும். உடையாத உறுதி நான்காவது. எல்லாவற்றிலும் முதலிடம் வாங்கும் எஃகு கிடையாது.

1095 போன்ற கார்பன் எஃகில் கார்பன் சுமார் 0.95 சதவீதம். சாணைக்கல்லில் நான்கு இழுப்பில் கூர் ஏறும். இரத்தம் பட்டால் கருக்கும், ஈரத்தோடு விட்டால் காலையில் துரு. கத்தியை உடனுக்குடன் துடைத்து எண்ணெய் போடும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும்.

துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லக் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்க வேண்டும். அந்த வகையில் 420எச்.சி., 12சி27, 14சி28என் எல்லாம் எளிய எஃகுகள். தீட்டுவது சுலபம், ஈரத்தைத் தாங்கும், ஒரு மானுக்குத் தாராளமாகப் போதும். இந்தப் பட்டியலைக் கேட்டால் கத்திப் பைத்தியங்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பரவாயில்லை.

டி2 எஃகில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தும் அதில் கணிசமான பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினமான துகள்களாகிவிடுவதால் துருவை ஓரளவுதான் தாங்கும். கூர் நன்றாக நிற்கும்.

எஸ்30வி போன்ற தூள் உலோக எஃகுகளில், அதாவது உலோகத்தைத் தூளாக்கி அழுத்திச் செய்தவற்றில், 4 சதவீதம் அளவுக்கு வனேடியம் இருக்கிறது. வனேடியம் கார்பைடு சாதாரண அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லைவிடக் கடினமானது. அதனால்தான் பெரிய விலங்கு ஒன்றை முழுதாக உரித்துத் துண்டு போட்ட பிறகும் இதில் கூர் மிச்சம் இருக்கும். அதே காரணத்தால் மழுங்கியபின் வைரத்தகடு இல்லாமல் தீட்டுவது பெரும்பாடு. 2021-இல் வந்த மேக்னாகட் எஃகு, உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்தது. துருத் தாங்குவதையும் உறுதியையும் கூர் நிற்பதையும் ஒரே இடத்தில் நன்றாகவே கூட்டிவைத்திருக்கிறது. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இந்தப் பெயர்களைவிட முக்கியமானது எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய விதம். நல்ல பதம் ஏறிய எளிய எஃகு, மோசமாகப் பதப்படுத்திய உயர்ந்த எஃகை எளிதில் தோற்கடிக்கும். எஃகின் பெயரையும் கடினத்தன்மையையும் சொல்லாமல் ‘அறுவைச் சிகிச்சைத் தர எஃகு’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் கத்தியைத் திருப்பி வைத்துவிடலாம்.

எச்.ஆர்.சி. என்று ஓர் எண் போடுகிறார்களே, அது என்ன?

ராக்வெல் அளவையில் எஃகின் கடினத்தன்மை. களக் கத்திக்கு 57 முதல் 61 வரை சரி. கறிக்கடைக் கத்திகள் இதைவிட மென்மையாக, 55, 56 என்று இருக்கும். வேலைக்கு நடுவே நிமிடத்துக்கொரு முறை தீட்டுக்கோலில் இழுத்து நிமிர்த்திக்கொள்வதால் அவர்களுக்கு அதுதான் வசதி.

கைப்பிடி எதில் இருக்க வேண்டும்?

கடையில் உலர்ந்த கையால் பிடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரத்தமும் கொழுப்பும் பூசிய கையில், குளிரில் விரல் மரத்த நிலையில், ஒருவேளை கையுறைக்கு மேல் அது எப்படி நிற்கும் என்று யோசியுங்கள். ரப்பர் பிடியும் சொரசொரப்பான நெகிழிப் பிடியும் அழகில்லை, ஆனால் வழுக்காது. துணியையோ கண்ணாடியிழையையோ பிசினில் அழுத்திச் செய்யும் மைக்கார்ட்டாவும் ஜி10-உம் ஈரத்தை அவ்வளவாகக் குடிக்காது. மேற்பரப்பைப் பளபளவென்று தேய்த்துவிட்டால் மட்டும் வழுக்கும். மான்கொம்புப் பிடி அலமாரிக்கு அழகு. மரப்பிடி நன்றாகவே இருக்கும், ஆனால் இணைப்பில் இடைவெளி இருந்தால் இரத்தம் உள்ளே போகும்.

கை முன்னால் சறுக்கி அலகின் மேல் போகாமல் தடுக்க, பிடியின் முன்பக்கத்தில் ஒரு சின்ன மேடோ விரல் பள்ளமோ அவசியம் வேண்டும். முனை எலும்பில் மோதி நிற்கும்போது கை நிற்காது.

நிறம்? பளீரென்ற ஆரஞ்சு. மங்கிய வெளிச்சத்தில் பச்சைப்பிடிக் கத்தியைப் புல்லில் வைத்துத் தேடுவதைவிட எரிச்சலான வேலை இல்லை.

இடுப்பெலும்பையும் நெஞ்செலும்பையும் பிளக்க என்ன செய்வது?

சின்ன எலும்பு ரம்பம் ஒன்று எடுத்துப் போங்கள். கத்தியின் முதுகில் கல்லால் அடிப்பது கூரையும் கெடுக்கும், எலும்புச் சில்லையும் கறியில் சேர்க்கும்.

உண்மையில் பிளக்காமலேயே வேலை முடியும். மானின் முன்னங்காலுக்கும் உடலுக்கும் எலும்பு மூட்டே கிடையாது. தோள்பட்டை எலும்பைத் தசைகள் மட்டுமே உடலோடு பிடித்திருக்கின்றன. காலைத் தூக்கிப் பிடித்து அடியில் அறுத்துக்கொண்டே போனால் அப்படியே கழன்று வரும். பின்தொடையில் பந்துக்கிண்ண மூட்டு. தொடையை வெளியே மடக்கினால் மூட்டு திறக்கும், உள்ளிருக்கும் தசைநாரை முனையால் அறுத்தால் போதும். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீளக்கறியை நெடுக அறுத்து எடுக்கலாம். வயிற்றையே திறக்காமல், நான்கு கால்களையும் முதுகுக்கறியையும் மட்டும் எடுக்கும் முறை இப்படித்தான். இதற்குச் சின்னக் கத்தி ஒன்றே போதும். எங்கே மூட்டு இருக்கிறது என்று தெரிந்தவனுக்குப் பெரிய கத்தி தேவைப்படாது.

அப்புறம், வீட்டில் மேசையில் துண்டு போடவும் அதே கத்தியா?

முடியும், ஆனால் கை வலிக்கும். இங்கே எலும்பு நீக்கும் கத்தி ஒன்று வாங்குங்கள்: 13 முதல் 15 செ.மீ. நீளம், குறுகலான, சற்று வளைந்த அலகு. கறிக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் சாதாரணக் கத்திதான். விக்டோரினாக்ஸ் போன்றவை நெகிழிப் பிடியோடு வருகின்றன. வேட்டைப் படம் பொறித்த எந்தக் கத்தியைவிடவும் மேசையில் இவை நன்றாக உழைக்கும்.

அலகு வளையும் தன்மை மூன்று வகையாக வரும். பெரிய தொடைகளில் மூட்டைச் சுற்றி அழுத்தி வேலை செய்ய விறைப்பான அலகு. வெள்ளைச் சவ்வை மெல்லச் சீவி எடுக்க ஓரளவு வளையும் அலகு. ரொம்ப வளைவது மீனுக்கு. ஒன்று மட்டும் என்றால் நடுவில் உள்ளதை எடுங்கள்.

கறி நிறைய இருந்தால் 20 முதல் 25 செ.மீ. நீளமுள்ள வளைந்த கத்தி ஒன்றும் சேர்க்கலாம். பெரிய தசைகளை முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே இழுப்பில் துண்டு போட அது உதவும். வெட்டிய முகம் வழவழவென்று இருக்கும்.

முயல், பறவைகளுக்கு?

7 செ.மீ. சின்னக் கத்தியும் நல்ல கத்தரிக்கோலும். முயலை உரிக்கும்போது கையுறை போடுங்கள். துலரேமியா என்ற பாக்டீரியா நோய் கையில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே தொற்றும். காட்டுப்பன்றிக்கும் இதே எச்சரிக்கை, அங்கே புருசெல்லா கிருமி.

எப்படித் தீட்டுவது? எவ்வளவு கூர் வேண்டும்?

களக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 20 பாகை, எலும்பு நீக்கும் கத்திக்கு 15 முதல் 18 பாகை. கோணம் துல்லியமாக இருப்பதைவிட, ஒவ்வொரு இழுப்பிலும் மாறாமல் இருப்பது முக்கியம். கூரில் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு இரண்டு முறை இழுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. மேலே அழிந்தால் கத்தியைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள், ஓரத்தில் மட்டும் அழிந்தால் கொஞ்சம் சாயுங்கள்.

ஒரு பக்கம் தீட்டி மறுபக்கம் முழு நீளத்துக்கும் மெல்லிய உலோகப் பிசிறு தட்டுப்படும் வரை விடாதீர்கள். பிசிறு எழும்பாமல் கல்லை மாற்றுவதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை. பிறகு மறுபக்கம், அதன்பின் மெல்ல மெல்ல மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை நீக்க வேண்டும். 1000 என்ற நுண்மை எண் கொண்ட கல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். கண்ணாடி மாதிரி மெருகேற்றிய கூர் காகிதத்தை அழகாக அறுக்கும், ஈரமான தோலில் சறுக்கும். கொஞ்சம் பல் உள்ள கூர்தான் தோலையும் சவ்வையும் கவ்வும்.

களத்துக்கு உள்ளங்கை அளவு வைரத்தகடோ பீங்கான் கோலோ எடுத்துப் போங்கள். இரும்புத் தீட்டுக்கோல் மென்மையான கறிக்கடைக் கத்திக்குத்தான். கடினமான எஃகில் அது கூரை ஒடிக்கவும் கூடும். கடையில் வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரத்தில் கொடுத்தால் கூர் சூடேறிப் பதம் போய்விடும். நீல நிறம் கண்டால் அந்த இடத்து எஃகு மென்மையாகிவிட்டது என்று அர்த்தம்.

கையை வெட்டிக்கொள்ளாமல் இருக்க?

கத்தி பிடிக்காத கைக்கு வெட்டுத்தாங்கும் கையுறை, அதற்கு மேல் மெல்லிய ரப்பர் கையுறை. மார்புக்குள் இரண்டு கைகளும் இருக்கும்போது மெதுவாக. தன் தொடையை நோக்கி இழுத்து வெட்டுவது எப்போதுமே தவறு. தொடைத் தமனியில் பட்டால் காட்டில் உதவி வரும் வரை நேரம் இருக்காது. வேட்டைக்கூட்டத்தில் ஒரே விலங்கின் மேல் இரண்டு பேர் கத்தியோடு குனிவதையும் தவிர்க்கலாம். மொன்னைக் கத்திதான் அதிகம் வெட்டும் என்பார்கள். அழுத்தம் கூடும்போது சறுக்கலும் கூடுவதால் அது உண்மை.

கழுவுவதும் கிருமி நீக்குவதும் எப்படி?

முதலில் குளிர்ந்த நீர், ஏனென்றால் சுடுநீர் பட்டால் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சுடுநீரும் சோப்பும். ஐரோப்பிய இறைச்சிக்கூடங்களில் கருவிகளை நீரால் கிருமி நீக்குவதென்றால் அது குறைந்தது 82 பாகை செல்சியசில் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டிலும் துருப்பிடிக்காத கத்திக்குக் கிட்டத்தட்டக் கொதிக்கும் நீரை ஊற்றலாம். பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போட வேண்டாம். பிடியும் கெடும், கூரும் மோதி மழுங்கும்.

மான் வகைகளில் மூளையைத் தாக்கும் நாள்பட்ட மெலிவு நோய் பரவியுள்ள பகுதிகளில் கூடுதல் கவனம் வேண்டும். வட அமெரிக்காவில் பல இடங்களில் உண்டு. நார்வேயில் 2016-இல் காட்டுக் கலைமானில் கண்டுபிடித்தார்கள். இதற்குக் காரணமான பிரியான் புரதம் கொதிநீருக்கு அசையாது. வீட்டு பிளீச்சை 40 சதவீதக் கரைசலாக்கி 5 நிமிடம் ஊறவைத்தால் எஃகுப் பரப்பில் அதன் தொற்றும் திறன் அழிகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் சதைத்துணுக்கு ஒட்டியிருந்தால் பிளீச் அதற்குள் ஊடுருவாது, ஆகவே நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ஊறவைக்க வேண்டும். கார்பன் எஃகு இந்தக் குளியலில் பாழாகும். அப்படிப்பட்ட இடத்தில் வேட்டையாடுபவர் துருத் தாங்கும் எஃகும் நெகிழிப் பிடியும் வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். மூளையையும் முதுகுத்தண்டையும் வெட்டாமல் விடுங்கள்.

தோல் உறையா, நெகிழி உறையா?

நெகிழி உறை. கழுவலாம். தோல் உறை இரத்தத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். அழுக்குக் கத்தியை அவசரத்தில் உறைக்குள் செருகிவிட்டால், அடுத்த முறை சுத்தமான கத்தியை அழுக்கு உறையில்தான் போடுவீர்கள். உறையின் அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சீசன் முடிந்து பல மாதம் கத்தியை எடுக்கப்போவதில்லை. எப்படி வைப்பது?

தீட்டி வையுங்கள், மழுங்கிய கத்தியை அடுத்த சீசனின் முதல் நாள் அதிகாலையில் தீட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. நன்றாக உலர்த்தி, உணவுக்குப் பாதுகாப்பான மினரல் எண்ணெயை மெல்லப் பூசி, உறைக்கு வெளியே காகிதத்தில் சுற்றி வையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், அது நாளானால் பிசுக்காகிச் சிக்கு வாடை அடிக்கும். வெளியே எடுத்ததும் பயன்படுத்துமுன் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.